டி.எம்.டி. பரிசோதனை: யாருக்கு? எதற்கு?



நமது அறக்கட்டளை நடத்தும் மருத்துவ முகாமில் இம்முறை இதயப் பரிசோதனையையும் சேர்க்க வேண்டும் என்று உறுப்பினர்கள் பலர் கேட்டிருந்தார்கள். குறிப்பாக, நாற்பது வயதைக் கடந்த எல்லோருக்கும் டி.எம்.டி. எனப்படும் டிரெட்மில் பரிசோதனையை இலவசமாக எடுக்கலாமே என்ற கோரிக்கை வந்தது. நம் மஹல்லாவில் நல்ல திடகாத்திரமாக இருந்த சிலர் மாரடைப்பில் மவுத்தானதைப் பார்த்த பிறகு எழுந்த கோரிக்கை அது. அதில் இருக்கும் கவலை நியாயமானது.

நிர்வாகக் குழு இதயநோய் மருத்துவர்களிடம் ஆலோசித்து, எல்லோருக்கும் டி.எம்.டி. எடுப்பதில்லை என்றும், தேவைப்படுவோருக்கு அதன் முழுச் செலவையும் ஏற்பது என்றும் முடிவு செய்திருக்கிறது. "ஏன் எல்லோருக்கும் இல்லை?" என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்வது செயலாளர் என்ற முறையில் என் கடமை. பொது நிதி அமானிதம் அல்லவா? அதோடு, இந்தப் பரிசோதனையை ஏற்கனவே எடுத்துவிட்டு ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

பரிசோதனை எப்படி நடக்கிறது?

நாம் உட்கார்ந்திருக்கும்போது இதயத்துக்கு வேலை குறைவு. அதன் ரத்தக் குழாய் ஒன்றில் பாதிக்கு மேல் அடைப்பு இருந்தாலும், அந்த நேரத்துக்குத் தேவையான ரத்தம் போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் படுத்த நிலையில் எடுக்கும் சாதாரண இ.சி.ஜி. பலருக்கு நன்றாகவே இருக்கும். மாடிப்படி ஏறும்போதோ, அரிசி மூட்டையைத் தூக்கும்போதோ இதயத் தசை அதிக ரத்தம் கேட்கும். அடைப்பு இருக்கும் குழாயால் அதைக் கொடுக்க முடியாது. அப்போதுதான் நெஞ்சில் இறுக்கம் வரும், இ.சி.ஜி.யிலும் மாற்றம் தெரியும். இந்த நிலையை மருத்துவர் கண் முன்னால், பாதுகாப்பாக உண்டாக்கிப் பார்ப்பதே டி.எம்.டி.

இந்த யோசனை புதிதல்ல. 1929-லேயே நியூயார்க்கில் ஆர்தர் மாஸ்டர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டு படிகள் கொண்ட சிறு மேடையில் ஏறி இறங்க வைத்து நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்தார். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் பெரும்பாலும் பின்பற்றப்படும் முறையை வகுத்தவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ். 1963-ல் வெளியான அந்த முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

நெஞ்சில் இ.சி.ஜி. ஒட்டுகளையும் கையில் பிரஷர் பட்டையையும் கட்டி, ஓடும் பட்டையின் மேல் நடக்க விடுவார்கள். முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம். கேட்பதற்குச் சுலபமாகத் தெரியும். ஆனால் பட்டை 10 சதவீதம் சாய்ந்திருக்கும், அதாவது மேட்டில் ஏறுவது போல. ஒவ்வொரு 3 நிமிடத்துக்கும் வேகமும் சாய்வும் கூடும். இரண்டாம் கட்டத்தில் 4 கிலோமீட்டர் வேகம், 12 சதவீதச் சாய்வு. மூன்றாம் கட்டத்தில் ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர், 14 சதவீதம். நான்காம் கட்டத்துக்குப் போனால் பலர் ஓடத் தொடங்கிவிடுவார்கள்.

220-லிருந்து வயதைக் கழித்தால் வருவது ஒருவருடைய உச்ச இதயத் துடிப்பின் தோராயக் கணக்கு. 50 வயதுக்காரருக்கு 170. அதில் 85 சதவீதத்தையாவது, அதாவது ஏறக்குறைய 145-ஐத் தொட்டால்தான் இதயத்துக்குப் போதிய வேலை கொடுத்ததாகக் கொள்வார்கள். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், ரத்த அழுத்தம் இறங்குவது, இ.சி.ஜி.யில் பெரிய மாற்றம் என எது வந்தாலும் உடனே நிறுத்திவிடுவார்கள். மருத்துவர் முறையாகப் பரிசீலித்து அனுப்பியவர்களில் இந்தப் பரிசோதனையால் உயிராபத்து வருவது மிக அரிது. 10,000 பரிசோதனைகளுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

நம்மில் பெரும்பாலோர் ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டுமே பார்க்கிறோம். 'நெகட்டிவ்' என்று இருந்தால் அடைப்புக்கான அடையாளம் தெரியவில்லை என்று பொருள். 'பாசிட்டிவ்' என்றால் அடையாளம் தெரிகிறது, மேலும் பார்க்க வேண்டும் என்று பொருள். பேச்சு வழக்கில் பாசிட்டிவ் நல்லது, நெகட்டிவ் கெட்டது என்பதால் சிலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இன்னும் சிலருக்கு 'முடிவு சொல்ல இயலவில்லை' என்று வரும். தேவையான துடிப்பை எட்டும் முன்பே மூட்டுவலியாலோ களைப்பாலோ இறங்கிவிட்டவர்கள் இவர்கள். இதை நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடைசி வரியை விட முக்கியமான எண்கள் அதற்கு மேலே இருக்கின்றன.

முதலாவது, எத்தனை நிமிடம் நடந்தீர்கள் என்பது. இதையே 'மெட்' என்ற அளவாலும் எழுதியிருப்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்க உடல் செலவிடும் சக்தி 1 மெட். சமதளத்தில் சாதாரண நடை சுமார் 3 மெட். புரூஸ் முறையில் முதல் கட்டத்தை முடித்தால் ஏறக்குறைய 5, இரண்டாவதை முடித்தால் 7, மூன்றாவதை முடித்தால் 10. அமெரிக்காவில் 6,213 ஆண்களைப் பின்தொடர்ந்து 2002-ல் வெளியான ஆய்வொன்றில், யார் நீண்ட நாள் வாழ்வார் என்பதை மற்ற எதையும் விட இந்த எண்ணே நன்றாக முன்னறிவித்தது. ஒரு மெட் கூடினால் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு 12 சதவீதம் கூடியது. இதயநோய் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தியது. 10 மெட் வரை நடந்தவருக்கு ஆபத்து குறைவு. 5 மெட்டைத் தாண்ட முடியாதவர், இ.சி.ஜி. நன்றாக இருந்தாலும், கவனிக்க வேண்டியவர்.

இரண்டாவது, நடையை நிறுத்தியபின் துடிப்பு எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பது. உச்சத்தில் 150 இருந்தால் அடுத்த ஒரு நிமிடத்தில் 138-க்குக் கீழே இறங்கிவிட வேண்டும். 12 அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கியவர்களிடம் பிந்தைய ஆண்டுகளில் இறப்பு அதிகம் இருந்ததை 1999-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

மூன்றாவது, இ.சி.ஜி. கோட்டில் 'எஸ்.டி.' என்ற பகுதி எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது, நெஞ்சுவலி வந்ததா என்பது. இவற்றையும் நிமிடங்களையும் சேர்த்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் எளிய கணக்கு வகுத்திருக்கிறார்கள். புரூஸ் முறையில் நடந்த நிமிடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.டி. மாறிய ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 5 கழியுங்கள். நெஞ்சுவலி வந்து, ஆனாலும் தொடர்ந்து நடக்க முடிந்தால் 4 கழியுங்கள். வலியால் நிறுத்த வேண்டி வந்தால் 8 கழியுங்கள்.

9 நிமிடம், மாற்றமில்லை, வலியில்லை என்றால் மதிப்பெண் 9. இது 5-க்கு மேல் என்பதால் ஆபத்து குறைவு. 6 நிமிடம், 1 மில்லிமீட்டர், இலேசான வலி என்றால் ஆறிலிருந்து ஐந்தும் நான்கும் போக மைனஸ் 3. இது நடுத்தரம். 4 நிமிடம், 2 மில்லிமீட்டர், வலியால் நிறுத்தம் என்றால் மைனஸ் 14. மைனஸ் 11-ம் அதற்குக் கீழும் அதிக ஆபத்து. 1991-ல் வெளியான அவர்களது ஆய்வில், ஆபத்து குறைந்த பிரிவினரில் 99 சதவீதம் பேர் நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்கள். அதிக ஆபத்துப் பிரிவில் அது 79 சதவீதம். இரண்டு பேர் ரிப்போர்ட்டிலும் 'பாசிட்டிவ்' என்ற ஒரே சொல் இருக்கலாம். ஆனால் ஒருவர் நிதானமாக மருந்து சாப்பிட்டுக் கவனிக்க வேண்டியவராகவும், மற்றவர் அந்த வாரமே ஆஞ்சியோகிராமுக்குப் போக வேண்டியவராகவும் இருக்கக்கூடும். ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் "பாசா, பெயிலா?" என்று கேட்பதோடு, "எத்தனை நிமிடம் நடந்தேன்? என் டியூக் மதிப்பெண் என்ன?" என்றும் கேளுங்கள்.

எல்லோருக்கும் ஏன் எடுக்கவில்லை?

இனி நம் முடிவுக்கான காரணத்துக்கு வருகிறேன்.

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அடைப்பு உள்ள 100 பேரில் 68 பேரையே டி.எம்.டி.யின் இ.சி.ஜி. சரியாகக் கண்டுபிடிக்கிறது. அடைப்பு இல்லாத 100 பேரில் 77 பேருக்குச் சரியாக 'இல்லை' என்கிறது. மீதி 23 பேருக்கு இல்லாத நோய் இருப்பதாகக் காட்டிவிடுகிறது.

எந்தத் தொந்தரவும் இல்லாத 1,000 பேரை முகாமில் நடக்க விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 50 பேருக்கு உள்ளுக்குள் அடைப்பு இருப்பதாக ஒரு கணக்குக்காகக் கொள்வோம். அந்த 50 பேரில் 34 பேர் பிடிபடுவார்கள், 16 பேர் தப்பிவிடுவார்கள். நலமாக உள்ள 950 பேரில் சுமார் 220 பேருக்கு 'பாசிட்டிவ்' என்று வரும். ஆக, பாசிட்டிவ் என்று சொல்லப்பட்ட ஏழெட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய். மற்றவர்கள் தூக்கம் கெட்டு, கடன் வாங்கி, அடுத்தடுத்த பரிசோதனைகளுக்கு அலைவார்கள். வேறோர் ஊரில் மாஸ்டர் செக்கப் சலுகையில் டி.எம்.டி. எடுத்த ஒரு தாயாருக்குப் பாசிட்டிவ் வந்ததும், பிள்ளைகள் நகையை அடகு வைத்து ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். குழாய்கள் சுத்தமாக இருந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று வீடு திரும்பினார்கள். ஆனால் அடகு மீள ஓராண்டானது.

இப்போது வேறு 1,000 பேரைப் பாருங்கள். நடந்தால் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் சரியாகிறது என்று மருத்துவரிடம் வந்தவர்கள் இவர்கள். இவர்களில் 500 பேருக்கு அடைப்பு இருப்பதாகக் கொள்வோம். அதே பரிசோதனை 340 பேரைப் பிடிக்கும், 115 பேருக்குத் தவறாகச் சொல்லும். இங்கே பாசிட்டிவ் வந்த நான்கு பேரில் மூவருக்கு நோய் உண்மை. இயந்திரம் ஒன்றுதான், மருத்துவரும் அவரேதான். மேலே ஏறியவர் யார் என்பதைப் பொறுத்துப் பதிலின் பெறுமானம் மாறுகிறது. இந்தக் கூட்டத்திலும் 160 பேர் தப்பிவிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் தெளிவான அறிகுறி உள்ளவருக்கு நெகட்டிவ் வந்தாலும் மருத்துவர் சி.டி. ஆஞ்சியோகிராமோ வேறு பரிசோதனையோ எழுதுகிறார். பணம் பறிக்கிறார் என்று அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம்.

அறிகுறியும் ஆபத்துக் காரணங்களும் இல்லாதவர்களுக்கு இதயநோயைக் கண்டறிய இப்பரிசோதனையை எடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-ல் அறிவுறுத்தியிருப்பதும் இதே காரணத்தால்தான்.

நெகட்டிவ் வந்தவருக்கு மாரடைப்பு ஏன் வருகிறது?

இது பலர் மனதில் உள்ள கேள்வி. குழாய் ஏறக்குறைய 70 சதவீதம் சுருங்கினால்தான் டி.எம்.டி.யில் பொதுவாக அடையாளம் தெரியும். ஆனால் மாரடைப்பு பல நேரங்களில் அவ்வளவு பெரிய அடைப்பால் வருவதில்லை. 30, 40 சதவீதம் மட்டுமே அடைத்திருக்கும் ஒரு கொழுப்புப் படிவம் திடீரென வெடிக்கிறது. அதன் மேல் ரத்தம் உறைந்து சில நிமிடங்களில் குழாயை முழுவதும் அடைத்துவிடுகிறது. அந்தப் படிவம் முந்தைய நாள் டிரெட்மில்லில் எந்தத் தொந்தரவும் கொடுத்திருக்காது.

நம்மிடம் மருத்துவ உதவிக்கு விண்ணப்பித்த ஒரு சகோதரரின் அனுமதியோடு இதை எழுதுகிறேன். வயது 47, கடை வைத்திருப்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் டி.எம்.டி. எடுத்தார், நெகட்டிவ். அந்தத் தாளே போதும் என்று சிகரெட்டையும் விடவில்லை, பிரஷர் மாத்திரையையும் ஒழுங்காகப் போடவில்லை. பிறகு காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சு இறுக ஆரம்பித்தது. "என்னங்க, டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிட்டு வாங்களேன்" என்று மனைவி சொல்லியிருக்கிறார். "அதான் டெஸ்ட் எடுத்தாச்சுல்ல, இது கேஸ்தான்" என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டே மூன்று வாரம் ஓட்டியிருக்கிறார். நான்காவது வாரம் மாரடைப்பு. அல்லாஹ்வின் கிருபையால் ஸ்டென்ட் வைத்துப் பிழைத்தார். இன்று அவர் இளைஞர்களிடம் சொல்வது இதைத்தான்: புதிதாக ஓர் அறிகுறி வந்துவிட்டால் பழைய ரிப்போர்ட் செல்லாது.

மாரடைப்போடு தொடர்புடைய காரணிகள் எவை என்று 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-ல் விரிவாகச் சொன்னது. புகையிலை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைவு, உடலுழைப்பின்மை, மது ஆகிய ஒன்பதும் சேர்ந்து மாரடைப்பு அபாயத்தில் சுமார் 90 சதவீதத்துக்குக் காரணம். இவற்றில் எதைக் கண்டுபிடிக்கவும் டிரெட்மில் தேவையில்லை. அதே ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. நாம் ஆறு ஆண்டு முன்னதாகவே ஆபத்துக்குள் வந்துவிடுகிறோம்.

யார் எடுக்க வேண்டும்? யார் எடுக்கக் கூடாது?

நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சில் இறுக்கம், பாரம், எரிச்சல் வந்து, நின்றால் சில நிமிடங்களில் அடங்குபவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடது கை, தாடை, முதுகு, மேல்வயிறு ஆகிய இடங்களில் அப்படி வந்தாலும் அதேதான். முன்பு சுலபமாகச் செய்த வேலைக்கு இப்போது மூச்சு வாங்குபவர்களும் இதில் சேர்வார்கள். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி தெரியாமலேயே இதயத்துக்கு ரத்தம் குறையலாம். இவர்கள் மருத்துவர் சொன்னால் தட்டிக்கழிக்கக் கூடாது. மாரடைப்பு வந்து தேறியவர்களுக்கும் ஸ்டென்ட், பைபாஸ் செய்தவர்களுக்கும் எவ்வளவு உழைக்கலாம் என்று தீர்மானிக்கவும் இது உதவும்.

ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர், கடந்த ஓரிரு நாளில் மாரடைப்பு வந்தவர், வால்வு கடுமையாகச் சுருங்கியவர், ரத்த அழுத்தம் 200/110-க்கு மேல் இருப்பவர் ஆகியோர் டிரெட்மில்லில் ஏறக் கூடாது. மூட்டுவலியால் நடக்க முடியாதவர்களுக்கும், இ.சி.ஜி.யிலேயே ஏற்கனவே கோளாறு உள்ளவர்களுக்கும் மருந்து செலுத்தி எடுக்கும் எக்கோ போன்ற வேறு வழிகள் உண்டு.

நெஞ்சுவலி பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடித்து, வியர்வையும் படபடப்பும் சேர்ந்தால் அது பரிசோதனைக்கான நேரம் அல்ல. உடனே 108-ஐ அழையுங்கள். பைக்கில் தானாக ஓட்டிச் செல்ல விடாதீர்கள். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் வீட்டுப் பெண்கள்

உம்மாவுக்கும் மாமிக்கும் மூச்சு வாங்கினால் "வயசாச்சு, உடம்பு போட்டாச்சு" என்று விட்டுவிடுகிறோம். பெண்களுக்கு நெஞ்சுவலியோடு அல்லது அதற்குப் பதிலாக அசாதாரணக் களைப்பு, குமட்டல், முதுகுவலி, மூச்சுத்திணறல் ஆகியவை வருவதுண்டு. மாதவிடாய் நின்ற பிறகு இதயநோய் வாய்ப்பு கூடுகிறது. பெண்களிடம் டி.எம்.டி.யின் துல்லியம் ஆண்களை விடச் சற்றுக் குறைவு. அதனால் ரிப்போர்ட்டை வைத்து மட்டும் முடிவுக்கு வராமல் மருத்துவரிடம் முழுமையாகப் பேச வேண்டும்.

நெஞ்சில் ஒட்டுகள் வைக்க வேண்டும் என்பதாலேயே சில சகோதரிகள் வேண்டாம் என்கிறார்கள். முன்கூட்டியே தொலைபேசியில் பேசிப் பெண் ஊழியர் இருக்கும் நேரத்தைக் கேட்டு வாங்கலாம். மேலே அணிய முன்பக்கம் திறக்கும் தளர்வான உடை போதும், தலைத்துணியை எடுக்க வேண்டியதில்லை. சல்வாரும் ஷூவும் நடக்க வசதி. உயிர் தொடர்பான மருத்துவத் தேவையில் ஷரீஅத் சிரமத்தை வைக்கவில்லை. கூச்சத்தால் நோயை மறைப்பதை மார்க்கம் நம்மிடம் கேட்கவில்லை.

நோன்பும் ஹஜ்ஜும்

வழக்கமான டி.எம்.டி.யை ரமலானில் பகல் நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் இல்லாத உடலில், சர்க்கரை குறைந்த நேரத்தில் நடப்பது நல்லதல்ல. ஆனால் அறிகுறி இருந்தால் "பெருநாள் கழியட்டும்" என்று தள்ளவும் கூடாது. நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பது குர்ஆனிலேயே உள்ள சட்டம். நோன்பை வேறு நாளில் களாச் செய்யலாம்.

ஹஜ், உம்ரா செல்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஸஃபா, மர்வா இடையிலான தூரம் சுமார் 450 மீட்டர். ஸயீயின் ஏழு சுற்றுக்கு மூன்று கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். இதற்கு முன் தவாஃப், பின் மினாவிலும் அரஃபாவிலும் நடை. 2024 ஹஜ்ஜில் மக்காவின் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது, 1,300-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்தாலே இளைப்பவர் விண்ணப்பிக்கும் நாளிலேயே மருத்துவரைப் பார்க்கட்டும். மருத்துவச் சான்றிதழை வெறும் கையெழுத்தாக நினைத்து வாங்காதீர்கள். எவ்வளவு உழைப்பை உங்கள் இதயம் தாங்கும் என்று தெரிந்துகொண்டு, சில மாதம் தினமும் நடந்து பழகிச் செல்லுங்கள். நடக்க நடக்க மெட் எண்ணும் உயரும்.

பரிசோதனைக்குச் செல்லும் முன்

* இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு இலேசாகச் சாப்பிடுங்கள். பிரியாணி சாப்பிட்ட வயிற்றோடு போக வேண்டாம். அன்று டீ, காபி, புகை கூடாது.
* தினசரி மாத்திரைகளின் பட்டியலைக் கொண்டு செல்லுங்கள். துடிப்பைக் குறைக்கும் சில மாத்திரைகள் முடிவைப் பாதிக்கும். நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.
* சர்க்கரை மாத்திரை, இன்சுலின் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.
* பழைய இ.சி.ஜி., எக்கோ ரிப்போர்ட்டுகளை எடுத்துச் செல்லுங்கள்.
* நடக்கும்போது என்ன தோன்றினாலும் வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள்.

நம் முகாமில் என்ன செய்கிறோம்?

முப்பது வயதைக் கடந்த ஆண், பெண் அனைவருக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு ஆகியவை பார்க்கப்படும். பெண்களுக்குத் தனி இடமும் பெண் மருத்துவரும் உண்டு. ஒவ்வொருவரிடமும் நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, புகையிலை பற்றி மருத்துவர் நேரில் கேட்பார். அவர் தேவை என்று எழுதித் தருபவர்களுக்கு டி.எம்.டி. அல்லது அதற்கு மாற்றான பரிசோதனைக்கு அறக்கட்டளை ஏற்பாடு செய்யும். ஸகாத் பெறத் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஸகாத் நிதியிலிருந்தும், மற்றவர்களுக்குப் பொது ஸதகா நிதியிலிருந்தும் செலவு செய்யப்படும். பிரஷர், சர்க்கரை புதிதாகக் கண்டுபிடிக்கப்படுபவர்களை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிவு செய்து, மாத்திரை தொடர்ந்து கிடைக்க நம் தொண்டர்கள் உதவுவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாத தகுதியான குடும்பங்கள் குடும்ப அட்டையுடன் அலுவலகத்துக்கு வந்தால் விண்ணப்பிக்க வழிகாட்டுவோம்.

ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்கல் என்று நம் மதரஸாப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பிரஷர் மாத்திரையை விடாமல் போடுவதும், சிகரெட்டை அணைப்பதும், ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேரம் நடப்பதும் அந்தக் கயிற்றில் சேர்ந்தவைதான். நெஞ்சு இறுகுகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், கேஸ் என்று நாமே தீர்ப்புச் சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துப் போவோம்.

முகாம் தேதி ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் அறிவிக்கப்படும். பெயர் கொடுக்க விரும்புவோர் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் அலுவலகம் வரலாம். நம் நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், நம் குடும்பங்களுக்கு ஆஃபியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்